தமிழ் வினையைத் தேடிய அண்டிரிக் அடிகளார்

மேனாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற பெரியோர் யார் என்று கேட்டால், நம் மாணவ நண்பர்கள் தயங்காமல் மூன்று பெயர்களைச் சொல்வார்கள்: வீரமாமுனிவர், கால்டுவெல், போப். மூவரும் போற்றத்தக்கவர்களே. ஆனால் வீரமாமுனிவர் தமிழ் மண்ணில் கால் வைப்பதற்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் முத்துக்குளித்துறைக் கரையில் அமர்ந்து, தமிழ் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் போர்ச்சுகல் நாட்டு என்ரீக்கெ என்ரீக்கெஸ். அக்காலத் தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்று தம் நாவுக்கு ஏற்ப அழைத்தனர். தமிழில் முதல் நூலை அச்சிட்டவர் என்ற அளவில் அவர் பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அச்சுக்கு முன் அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. அந்தப் பாட்டைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

இதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. புனே நகரில் ஸ்பானிய மொழி பயிலும் தமிழ் மாணவர்களுள் நானும் ஒருவன். அம்மொழியில் மாணவரை மலைக்க வைக்கும் வினைவடிவம் ஒன்று இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லாமல், நடக்க வேண்டும் என்ற விருப்பத்தையும், நடக்குமோ என்ற ஐயத்தையும், நடந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனையையும் சொல்வது அது. ஆங்கில இலக்கணத்தார் அதைச் 'சப்ஜங்டிவ்' என்பர். நாம் எளிமை கருதி 'எண்ண வினை' என்று வைத்துக்கொள்வோம். அதன் இறந்தகால வடிவத்துக்குத் தமிழில் நேர் எது என்று நான் தேடியபோது, ஏறத்தாழ அதே கேள்வியை 1548ஆம் ஆண்டில் மறுகரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார் என்று அறிந்தேன். போர்ச்சுகீசியமும் ஸ்பானியமும் லத்தீன் ஈன்ற உடன்பிறப்புகள். ஆகவே அடிகளாரின் தாய்மொழியிலும் இந்த எண்ண வினை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தமிழுக்குள் நுழைந்தார்.

இளமையும் இழிவும்

அண்டிரிக் அடிகளார் ஏறத்தாழ 1520இல் போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர். 1497இல் அந்நாட்டு யூதர்கள் வற்புறுத்தலால் மதம் மாற்றப்பட்டனர். மாறிய பின்னும் அவர்களைச் சமுதாயம் தன்னவராக ஏற்கவில்லை. 'புதுக் கிறித்தவர்' என்று தனிப்பெயர் இட்டு ஒதுக்கியது. பிறப்பால் வரும் இழிவு நம் நாட்டுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். இளைஞர் என்ரீக்கெஸ் பிரான்சிஸ்கு சபையில் துறவியாகச் சேர்ந்தார். அவருடைய குலம் தெரிந்ததும் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பிறகு கொயிம்பிரா நகரில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். அந்தச் சபை அப்போது தோன்றி ஐந்தாண்டே ஆகியிருந்தது. அதன் கதவு அவருக்குத் திறந்தது. அடுத்த ஆண்டே கப்பலேறிக் கோவாவுக்கு வந்தார். 1547இல் தமிழ்நாட்டின் தென்கரையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 27 இருக்கும்.

அந்தக் கரையில் வாழ்ந்த பரதவர்கள் 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரளாகக் கிறித்தவம் தழுவியிருந்தனர். முத்துக்குளிப்பில் வந்த பூசல்களில் போர்ச்சுகீசியரின் துணையை நாடியது அதற்கு ஒரு காரணம். சமயம் மாறினார்களே தவிர, அதைக் கற்பிப்பார் இல்லை. 1542இல் சவேரியார் வந்தார். அவர் தமிழ் அறியாதவர். இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி மன்றாட்டுகளை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொன்னார். இம்முறையில் வந்த இடர் ஒன்றைச் சவேரியாரே 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில் எடுத்துக் காட்டித் திருத்தியிருக்கிறார். நம்பிக்கை அறிக்கையில், விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்திருந்தது.

நண்பர்கள் இதைச் சிறு பிழை என்று கடந்துவிடக் கூடாது. 'இது உண்மை என்று நம்புகிறேன்' என்பது வேறு. 'இது எனக்கு வேண்டும்' என்பது வேறு. ஸ்பானிய மொழியில் இந்த வேறுபாடு வினையின் உடலிலேயே ஏறி நிற்கும். நம்புகிறேன் என்று தொடங்கினால் பின்வரும் வினை நேர்வினையாக இருக்கும். விரும்புகிறேன் என்று தொடங்கினால் பின்வரும் வினை எண்ண வினையாக மாறிவிடும். ஒரு சமூகம் நாள்தோறும் சொல்லும் மன்றாட்டில் நம்பிக்கையும் விருப்பமும் இடம் மாறி நின்றன என்றால், மொழி அறியாமல் மக்களிடையே பணி செய்வதன் விளைவு எத்தகையது என்பது தெளிவாகும்.

துபாசியை விட்ட துணிவு

அண்டிரிக் அடிகளாரும் முதலில் துபாசியின் துணையோடுதான் பணியாற்றினார். தாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா, சொல்லாதது போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லாத நிலை அது. ஆகவே தாமே தமிழ் கற்பது என்று உறுதி கொண்டார். எப்படிக் கற்பது? அவருக்கு முன்னே போர்ச்சுகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் ஒன்றும் இல்லை. அகராதி இல்லை. நம் நாட்டுப் புலவர்கள் கற்பித்த தமிழோ செய்யுள் தமிழ்; நன்னூலும் நிகண்டும் நெஞ்சில் ஏற்றிய பின்பே திறக்கும் கருவூலம். கரையில் வலை இழுப்பவர் பேசிய தமிழ் வேறு.

1548 அக்டோபரில் வேம்பாரிலிருந்து உரோமையில் இருந்த இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய மடலில் தாம் கண்ட வழியை விவரிக்கிறார். லத்தீன் மொழியைப் பள்ளியில் எப்படிக் கற்றாரோ அப்படியே தமிழையும் கற்க முயன்றார். தமக்கென ஓர் இலக்கணம் போல அமைத்துக்கொண்டார். வினைகளைத் திரித்துத் திரித்துப் பார்த்தார். இறந்தகாலம் எது, எதிர்காலம் எது, வினையின் பொதுவடிவம் எது, எண்ண வினை எது என்று கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாடு பட்டதாகக் கூறுகிறார். பெயர்ச்சொல்லின் வேற்றுமைகளையும், வாக்கியத்தில் எது முன்னே வரும் என்ற ஒழுங்கையும் அவ்வாறே தேடினார். சில மாதங்களில் துபாசி இல்லாமலே பேசத் தொடங்கிவிட்டார்.

அந்த மடலில் எண்ண வினையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டபோது எனக்குப் பெருவியப்பு. நாம் இங்கே வகுப்பில் எதனோடு மல்லாடுகிறோமோ, அதனோடு அவரும் வேம்பாரில் மல்லாடியிருக்கிறார்!

அந்த வினை எத்தகையது?

அவருடைய உழைப்பை உணர வேண்டுமானால், அந்த வினையை நாமே சற்றுத் திரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பானிய மொழியில் ஒழுங்கான வினைகள் மூன்று வகை. 'ஆப்லார்' என்றால் பேசுதல். 'கொமேர்' என்றால் உண்ணுதல். 'பிபீர்' என்றால் வாழ்தல். இவற்றின் இறந்தகாலப் பலர்பால் வடிவங்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பேசினார்கள், 'ஆப்லாரோன்', உண்டார்கள், 'கொமியேரோன்', வாழ்ந்தார்கள், 'பிபியேரோன்'. இறுதியில் நிற்கும் 'ரோன்' என்பதை நீக்கிவிட்டு 'ரா' என்பதைச் சேர்த்தால் 'ஆப்லாரா, கொமியேரா, பிபியேரா' என்று எண்ண வினையின் இறந்தகால வடிவம் பிறந்துவிடும். 'நீ' என்றால் 'ராஸ்', 'நாங்கள்' என்றால் 'ராமோஸ்', 'அவர்கள்' என்றால் 'ரான்' என ஈறு மாறும். 'ரா' வருமிடத்தில் 'சே' என்ற மற்றோர் ஈறும் வரலாம்: 'ஆப்லாசே'. போர்ச்சுகீசியத்தில் இந்தச் 'சே' இனத்து ஈறே எண்ண வினைக்கு உரியது. 'ரா' ஈறு அங்கே நேர்வினையாக, முன்னரே முடிந்த செயலைக் குறிக்கிறது. ஆகவே அடிகளார் தாய்மடியில் கற்றது 'சே'யின் உறவே.

இப்போது தமிழுக்கு வருவோம். பேசினான், உண்டான், வாழ்ந்தான். இவற்றின் ஆண்பால் ஈற்றை நீக்கி 'ஆல்' சேர்த்துப் பாருங்கள்: பேசினால், உண்டால், வாழ்ந்தால். இனிமேல் நடக்கக்கூடியதைச் சொல்லவும் நடவாததைக் கற்பனை செய்யவும் தமிழும் இறந்தகால வினையடியைத்தான் எடுக்கிறது. ஸ்பானியமும் அதைத்தான் எடுக்கிறது! ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள் இந்த ஓரிடத்தில் ஒரே பாதையில் நடக்கின்றன. இங்கே நம்மைச் சுற்றிப் பேசப்படும் மராத்தியையும் கேளுங்கள். மழை பெய்திருந்தால் என்பதற்குப் 'பாவூஸ் பட்லா அஸ்தா தர்' என்பார்கள். அங்கும் 'பட்லா' என்ற இறந்தகால வடிவமே முன்னிற்கிறது. கைவிட்டுப் போனதைத்தான் மனிதன் மிகுதியாகக் கற்பனை செய்கிறான் போலும்.

ஆனால் ஒற்றுமை இத்தோடு நிற்கிறது. வேறுபாடு இங்கிருந்து தொடங்குகிறது. 'அவர் மெதுவாகப் பேசினால் எனக்குப் புரியும்' என்று தமிழில் சொல்கிறோம். அவர் மெதுவாகப் பேசக்கூடியவரா, ஒருநாளும் பேசாதவரா என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஸ்பானியம் இரண்டையும் இரு வினைகளால் பிரிக்கும். பேசக்கூடியவர் என்றால் நேர்வினை. பேசாதவர் என்றால் 'ஆப்லாரா'. தமிழ் இதை வினையின் ஈற்றில் காட்டாமல் இடைச்சொல்லாலும் குரலாலும் காட்டுகிறது. 'அவர் மெதுவாகப் பேசினால்தானே!' என்று இழுத்துச் சொன்னால், பேசமாட்டார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். நடந்து முடிந்த ஒன்றானால் 'பேசியிருந்தால் புரிந்திருக்கும்' என்று 'இரு' என்னும் துணைவினையை அழைக்கிறோம்.

இன்னும் உண்டு. 'மெதுவாகப் பேசும்படி கேட்டேன்' என்ற வாக்கியத்தில் ஸ்பானியம் அதே 'ஆப்லாரா'வைத்தான் வைக்கும். தமிழ் 'படி' என்ற சொல்லைத் துணை கொள்கிறது; அல்லது 'பேசச் சொன்னேன்' என்று செயவென் எச்சத்தால் முடித்துவிடுகிறது. 'எல்லாம் தெரிந்தவர் போலப் பேசினார்' என்பதில் 'போல' வருகிறது. 'அவர் ஒருமுறை பேசக் கூடாதா!' என்ற ஏக்கத்தில் வினாவே விருப்பமாகிறது. ஆக, அங்கே ஒரே அறை. அந்த அறைக்குள் இருப்பவை இங்கே ஐந்தாறு அறைகளில் பரவிக் கிடக்கின்றன. நம் இலக்கண நூலார் 'செயின்' என்ற வாய்பாட்டு எச்சத்தையும், வாழ்க என்னும் வியங்கோளையும் தனித்தனியே வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு பெயரின் கீழ் அடைக்கவில்லை. அப்படி அடைக்க வேண்டிய தேவை தமிழுக்கு இல்லை.

ஸ்பானியம் கற்கும் நமக்கு ஐந்தாறு அறைகளிலிருந்து பொறுக்கி ஓர் அறையில் சேர்க்க வேண்டிய வேலை. அடிகளாருக்கு ஓர் அறையில் இருந்ததை ஐந்தாறு அறைகளில் தேடிக் காண வேண்டிய வேலை. நமக்கு நூல் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். அவருக்கு மீனவர் வாய்ச்சொல் தவிர வேறு நூல் இல்லை.

இலக்கண ஏடு

இவ்வாறு தேடிக் கண்டவற்றை அடிகளார் தமக்குப் பின் வருவோர்க்குப் பயன்படுமாறு ஓர் இலக்கண ஏடாக எழுதினார். போர்ச்சுகீசிய மொழியில் விளக்கமும், தமிழ்ச் சொற்களுமாக அமைந்த ஏடு அது. அக்காலத்தில் மேனாட்டார் தமிழை 'மலபார் மொழி' என்று குறித்தனர். ஏட்டின் பெயரும் மலபார் மொழிக் கலை என்பதே. இலக்கணத்துக்குரிய கட்டங்களை அவர் புதிதாகப் படைக்கவில்லை. ஸ்பெயினில் நெப்ரிஹா 1492இல் தம் தாய்மொழிக்கு இலக்கணம் எழுதினார். போர்ச்சுகலில் ஜோவாவோ த பார்ரோஸ் 1540இல் எழுதினார். இருவரும் லத்தீன் இலக்கணத்தின் கட்டங்களைத் தம் மொழிகளுக்குப் பொருத்தினர். அண்டிரிக் அடிகளார் அக்கட்டங்களைக் கடல் கடந்து கொண்டுவந்து தமிழுக்கு வைத்துப் பார்த்தார்.

கட்டம் தமிழுக்கு முற்றும் பொருந்தவில்லை என்பது உண்மை. வேற்றுமைகளை லத்தீன் கணக்கில் எண்ணுவதும், எச்சங்களை எண்ண வினை என்று பெயரிடுவதும் தமிழின் இயல்புக்கு ஒத்தவை அல்ல. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தெரிந்த அளவுகோலைக் கொண்டுதான் எவரும் தெரியாததை அளக்கத் தொடங்க முடியும். அளவுகோல் போதாதபோது, காதில் விழுந்ததை விடாமல் எழுதி வைத்தாரா என்பதே கேள்வி. அவர் எழுதி வைத்தார். புலவர்கள் ஏட்டில் ஏற்றாத கரைத்தமிழின் பேச்சு வடிவங்கள் அந்த இலக்கணத்தில் இன்றும் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் நம் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்று அறிய விரும்புவோர்க்கு அது ஒரு புதையல்.

அந்தப் புதையல் நெடுங்காலம் அச்சேறவில்லை. கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருந்தது. தனிநாயக அடிகளார் 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடிகளைத் தேடி எழுதிய கட்டுரைகள் அண்டிரிக் அடிகளாரின் பணியைத் தமிழுலகுக்கு நினைவூட்டின. 1982இல் வெர்மேர் என்னும் செருமானிய அறிஞர் அந்த இலக்கணத்தைப் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைன் அம்மையாரும் நம் வி. எஸ். இராஜம் அம்மையாரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வர்டு வெளியீடாக வந்தது. எழுதி 450 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு! இந்திய மொழி ஒன்றன் இலக்கணமாக முதலில் அச்சான நூல் என்று கூறப்படும் பெருமை, கோவாவில் வாழ்ந்த தாமஸ் ஸ்டீபன்ஸ் அடிகளாரின் கொங்கணி இலக்கணத்துக்குப் போயிற்று. 1640இல் ராச்சோலில் அச்சான நூல் அது. மராத்தி ஓவிகளில் கிறிஸ்த புராணம் பாடியவரும் அவரே. ஆகவே மராட்டிய நண்பர்கள் அவரை நன்கு அறிவர். நம் அண்டிரிக் அடிகளாரைத்தான் நாமே அறியோம்.

அச்சும் அந்திமமும்

1549இல் வேதாளையில் நடந்த தாக்குதலில் கரையின் தலைமைப் பணியாளர் கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். அந்தப் பொறுப்பு அண்டிரிக் அடிகளாரின் தோளில் விழுந்தது. பல்லாண்டுகள் அதைச் சுமந்தார். புன்னைக்காயலைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். அங்கே ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனையும் எழுந்தது.

1554இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் மன்றாட்டு நூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ் உரோம எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்திலேயே தமிழ் அச்சாக வேண்டும் என்பது அடிகளாரின் முயற்சி. 1577இல் கோவாவில் கொன்சால்வஸ் என்னும் ஸ்பானியத் தொண்டர் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் பாரியா அடிகளார் வேறு எழுத்துகளை வார்த்தார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 16 பக்கமே உடைய சிறு நூல். இந்திய மொழி ஒன்று தன் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறியது அதுவே முதன்முறை. 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' வந்தது. 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் அது. பேதுரு லூயிஸ் என்னும் இந்தியத் துறவி இப்பணியில் துணை நின்றார். பரதவ மக்கள் செலவுக்குப் பொருள் திரட்டித் தந்தனர்.

சமய நூல்கள் என்று சிலர் இவற்றை ஒதுக்கலாம். நான் அவற்றில் காண்பது வேறு. முப்பதாண்டுகளுக்கு முன் 'வேணும்' என்ற ஒரு சொல்லால் தடுமாறிய மன்றாட்டு, இப்போது மக்கள் மொழியில், அவர்கள் எழுத்தில், அவர்கள் கைக்கே வந்துவிட்டது. இடையில் நின்றது ஒரு மனிதரின் வினைத்திரிபுப் பயிற்சி.

1593இல் இயேசு சபை தன் விதியை மாற்றியது. யூதக் குலத்தில் வந்தவரை இனிச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. முதுமையில் இருந்த அண்டிரிக் அடிகளார் அப்போது புன்னைக்காயல் கரையில் உயிரோடிருந்தார். அந்த விதி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால் அவர் தமிழ்க் கரைக்கு வந்திருக்கமாட்டார். அந்த இலக்கணம் பிறந்திருக்காது. இதை ஸ்பானிய மொழியில் எழுத வேண்டுமானால் எண்ண வினை இன்றி எழுத இயலாது. 1600இல், ஏறத்தாழ 80ஆம் வயதில், அவர் புன்னைக்காயலில் மறைந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. வந்த நாள்முதல் 53 ஆண்டுகள் அந்தக் கரையிலேயே கழிந்தன.

நண்பர்களே! நாம் இப்போது புனேயில் இருக்கிறோம். விடுதியிலும் கடைவீதியிலும் மராத்தி ஒலிக்கிறது. நம்மில் பலர் மூன்று நான்கு ஆண்டுகள் இங்கே தங்கியும், ஆட்டோக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்கு மேல் அம்மொழியைக் கற்பதில்லை. பெயர்ச்சொல் பத்தும் ஏவல் வினை ஐந்தும் தெரிந்தால் வாங்கலாம், விற்கலாம். ஆனால் பக்கத்து அறை மாணவன் தன் ஊரில் மழை பெய்திருந்தால் தன் தந்தை கடன் பட்டிருக்கமாட்டார் என்று சொல்லும்போது, அவன் துயரத்தை அறிய அந்த அறிவு போதாது. அதற்கு 'அஸ்தா' தெரிந்திருக்க வேண்டும். ஒரு மக்களின் பொருள்களை அவர்களுடைய பெயர்ச்சொற்கள் காட்டும். அவர்களுடைய ஏக்கத்தை எண்ண வினைதான் காட்டும். அண்டிரிக் அடிகளார் அந்த வினையைத் தேடிப் பெரும்பாடு பட்டது இதனால்தான் என்பது என் கருத்து.

நூல் இல்லாமல், ஆசிரியர் இல்லாமல், பிறந்த நாட்டின் மதிப்பும் இல்லாமல் ஒருவர் நம் மொழியைக் கற்றார். நமக்கு எல்லாம் இருக்கின்றன. இவ்வாண்டு நம் சங்கத்தில் மராத்தி வகுப்பு ஒன்று தொடங்குவோமாக. முதல் பாடத்தை வினைச்சொல்லிலிருந்தே தொடங்குவோமாக.